அரை டம்ளர்

2019 மே மாதம் செங்குன்றம் ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. எங்கள் காசிமேட்டுத் தெருவில் லாரி வரும்வரை குடங்கள் வரிசையில் நிற்கும். அந்த வெயிலில்தான் என் தங்கை சிசேரியன் முடிந்து, பிள்ளையோடு அம்மா வீட்டுக்கு வந்தாள். அவளுக்குத் தண்ணீரை அளந்து கொடுத்தவள் நான். லாரித் தண்ணீர் போதாததால் இல்லை. "பச்ச ஒடம்புக்குத் தண்ணி ஆவாது, வயிறு போட்டுடும்" என்று ஆயா சொல்லிவிட்டாள். என் பிரசவத்திலும் அதுதான் நடந்தது. பால்சுறாப் புட்டு, பூண்டுக் குழம்பு, லேகியம் எல்லாம் தாராளம்; ஓமம் போட்டுக் காய்ச்சிய தண்ணீர் மட்டும் வேளைக்கு அரை டம்ளர். தகரக் கூரைக்குக் கீழே, கதவைச் சாத்தி, காதில் பஞ்சு வைத்து உட்கார வைத்திருந்தோம்.

"இன்னொரு வாய் குடேன்க்கா" என்பாள். சொம்பை அலமாரி மேல் தூக்கி வைத்துவிடுவேன்.

பத்தாம் நாள் தலைவலி வந்தது. முதுகில் போட்ட மயக்க ஊசியால் வருவது என்று பிரசவம் பார்த்த இடத்தில் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். ஊசியால் வரும் வலி உட்கார்ந்தால் கூடும், படுத்தால் அடங்கும் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். இவளுக்கு நேர் எதிர். படுத்தால் மண்டை பிளக்கும், விடியற்காலையில் வாந்தி. இரவெல்லாம் சுவரில் சாய்ந்தே தூங்கினாள். பால் கொடுக்கத் தோதாக உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து கண். தொட்டிலில் குனிந்து பிள்ளையைத் தூக்கி நிமிர்ந்தால் நாலைந்து நொடி எல்லாம் சாம்பலாகி, பிறகு தெளியும். "கரண்டு போய்ட்டு வர்றா மாதிரி கீதுக்கா." ரத்தம் குறைச்சல், ஈரல் சாப்பிடு என்றோம். ஒன்று இரண்டாகத் தெரிகிறது என்றபோது கண்ணாடிக் கடைக்கு அழைத்துப்போனேன். ஒவ்வொரு கண்ணாக மூடிக் கடைசி வரி வரை வாசித்துவிட்டாள். பார்வை நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள், நிம்மதியாகத் திரும்பினோம். அவளுக்கு வந்திருந்த நோய் பார்வையை ஓரத்திலிருந்து உள்ளே அரித்துக்கொண்டு வரும். எழுத்தை வாசிக்கிற நடுப்பார்வை பெரும்பாலும் கடைசியில்தான் போகும்.

இருபத்தோராம் நாள் வலிப்பு. ஆட்டோவில் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே ஓர் இளம் மருத்துவர் விளக்கை அணைத்துவிட்டு, கையடக்கக் கருவி ஒன்றைப் பிடித்து அவள் கண்ணுக்குள் பார்த்தார். ஒரு நிமிடம் ஆகியிருக்குமா? கண் நரம்பு வீங்கியிருக்கிறது, மூளையில் அழுத்தம் ஏறியிருக்கிறது என்றார். பதினோரு நாளாக யாரும் ஒதுக்காதது அந்த ஒரு நிமிடம். இன்றைக்கும் எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

மூளைச் சிரைகளைக் காட்டும் வெனோகிராம் படம் எடுத்தார்கள். உச்சந்தலைக்கு அடியில் முன்னிருந்து பின்னாக ஓடுகிற பெரிய சிரைக் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. மூளையிலிருந்து ரத்தம் வடிவதும் மூளையைச் சுற்றியுள்ள நீர் வடிவதும் அந்த வழியாகத்தானாம். எங்கள் அப்பா கடலுக்குப் போனவர். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "ஏம்மா டாக்டரு, எண்ணூர்ல முகத்துவாரத்த மண்ணு மூடிக்கினா ஆத்துத் தண்ணி ஊருக்குள்ள ஏறுமே, அந்த மாதிரியா?" என்றார். "அதேதாங்கய்யா" என்றார் அவர். ஏறிய அழுத்தம் கண் நரம்பின் உறைக்குள்ளும் போய் அதை நெரிக்கிறது.

மூளையில் கொஞ்சம் ரத்தக்கசிவும் இருந்தது. அப்படியிருக்க ரத்தத்தை இளக்கும் ஹெப்பாரின் ஊசியா என்று அவள் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட மறுத்தார். கசிவு இருந்தாலும் அந்த ஊசிதான் காப்பாற்றும் என்பதற்கு 1991இல் ஜெர்மனியில் 20 பேரை வைத்துச் செய்த ஆய்வே வழிகாட்டியது என்று பின்னால் படித்தேன். மதுரையில் டாக்டர் கே. சீனிவாசன், கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் மூளை ரத்தக்குழாய் அடைத்துக்கொண்ட 135 பேரைப் பற்றி 1983இலேயே எழுதியிருக்கிறார். நம் ஊர்ப் பெண்களைப் பார்த்து எழுதியது. 36 வருடத்தில் அது எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை.

கடைசியில் ஊசி போட்டார்கள். உயிர் தங்கியது. ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் மாத்திரையும், மாதாமாதம் ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனையும் தொடர்ந்தன. அழுத்தம் குறைக்கக் கொடுத்த டயமாக்ஸால் விரல் நுனியெல்லாம் மதமதத்தது. சோடாவில் காரமே இல்லை என்றாள்.

"தண்ணி குடுக்காததாலதானா?" என்று ஒருநாள் மருத்துவரிடம் கேட்டுவிட்டேன். பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் வரை எல்லாப் பெண்களுக்குமே ரத்தம் எளிதில் உறையும், சோகையும் உடம்பில் நீர் வற்றுவதும் அதற்குத் துணைபோகும், இது ஒன்றுதான் என்று சொல்ல முடியாது என்றார். எனக்கு அந்த சொம்புதான் கண்முன் நின்றது.

எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் பார்வைப் பரப்பைச் சோதித்தார்கள். தாடையை வைத்து உட்கார்ந்து, புள்ளி வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாதி நேரம் ஒண்ணும் தெர்லக்கா. சும்மாவே அமுக்கினேன். கருப்பா காட்டிடுமோன்னு பயமா இருந்துச்சு."

காகிதம் கருப்பாகத்தான் வந்தது. இடது கண்ணுக்கு முழுவதும். வலது கண்ணில் நடுவே மட்டும் ஒரு சின்ன வெள்ளை வட்டம்.

அந்த வட்டத்துக்குள்தான் மகனைப் பார்த்து வளர்த்தாள். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவன் அவளைப் பக்கவாட்டிலிருந்து கூப்பிடுவதில்லை. சுற்றிக்கொண்டு வந்து, நேர் எதிரே நின்று, முகத்தை நிமிர்த்திய பிறகுதான் "ம்மா" என்பான்.