சாப்பாட்டு மேசை

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஆறு பேர் தாராளமாக அமரலாம். ஆனால், 2022ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அதில் ஒருவர்கூட அமர்ந்து சாப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. மேசை முழுவதும் தட்டுகள். தட்டுகளில் விரித்த உறிஞ்சுதாளின்மேல் எண்ணெய் வடியும் அச்சு முறுக்குகள். நாற்காலிகளில் காலி டின்கள். நாங்கள் நால்வரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஆளுக்கோர் இடத்தில், ஆளுக்கொரு நேரத்தில் சாப்பிட்டோம்.

எல்லாம் 2020ஆம் ஆண்டில் தொடங்கியது. அப்பா சுற்றுப்பயணிகளை ஏற்றிச் செல்லும் பேருந்தின் ஓட்டுநர். கொவிட்-19 காரணமாக நாட்டின் எல்லைகள் மூடப்பட்டதும் சுற்றுப்பயணிகள் வரவில்லை. அப்பாவின் வருமானம் பாதிக்கும் கீழே இறங்கியது. அதுவரை அம்மா வேலைக்குச் சென்றதில்லை. அவரிடம் இருந்தவை பாட்டி விட்டுச்சென்ற நான்கு பித்தளை அச்சுகளும் பாட்டியின் கைப்பக்குவமும்தான். அடுத்த வீட்டு மலாய் அம்மையாரை நாங்கள் மக்சிக் என்று அழைப்போம். அச்சு முறுக்கை அவர் ‘குவே ரோஸ்’ என்பார். அம்மா கொடுத்து அனுப்பியதைச் சுவைத்துவிட்டு, தம் பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பத்து டின் வேண்டும் என்று கேட்டார். அதுதான் அம்மாவின் முதல் வியாபாரம்.

அச்சு முறுக்கு சுடுவதைப் பார்க்க எளிதாக இருக்கும். பச்சரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, சீனி ஆகியவற்றைக் கலக்க வேண்டும். அச்சைக் கொதிக்கும் எண்ணெயில் வைத்துச் சூடேற்றிய பிறகு மாவில் முக்க வேண்டும். அதிலும் முக்கால் பாகம்தான் முக்கலாம். மாவு மேல் விளிம்பைத் தாண்டினால், முறுக்கு அச்சைவிட்டுக் கழலாது. பிறகு அச்சை மறுபடியும் எண்ணெயில் பிடித்து, மாவு சற்று வெந்ததும் மெல்ல உதற வேண்டும். ஒரு டின்னுக்கு ஐம்பது முறுக்கு. அதைச் சுட அம்மாவுக்கு அரை மணி நேரம் ஆகும். அறுபது டின் என்றால் முப்பது மணி நேரம். இந்தக் கணக்கை நான் அப்போது போட்டுப் பார்க்கவில்லை.

வீவக வீட்டில் இத்தகைய சிறுதொழில் செய்ய அனுமதி உண்டு, நிபந்தனைகளும் உண்டு. பெயர்ப்பலகை மாட்டக்கூடாது. புகை, வாடை, சத்தம் ஆகியவற்றால் அண்டை வீட்டாருக்குத் தொல்லை தரக்கூடாது. வெளியாட்களை வேலைக்கு வைக்கக்கூடாது. இவை நியாயமான நிபந்தனைகள்தாம். ஆனால், அந்தக் கடைசி நிபந்தனை எங்கள் வீட்டில் எப்படி முடிந்தது தெரியுமா? வீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் வேலையாட்கள் ஆனோம். நான் டின்களைத் துடைத்துப் பெயர்த்தாள் ஒட்டினேன். தம்பி ஐம்பது ஐம்பதாக எண்ணி அடுக்கினான். உடைந்தவற்றைத் தின்றதும் அவன்தான். அப்பா வேலை முடிந்து வந்ததும் டின்களை வாடிக்கையாளர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

முதலில் அது விளையாட்டாக இருந்தது. இரண்டு ஆண்டுகளில் விளையாட்டு தீர்ந்துபோனது. என் பள்ளிச் சீருடையில் எண்ணெய் வாடை நிரந்தரமாகக் குடியேறியது. “உன் வீட்டில் தினமும் விசேஷமா?” என்று வகுப்புத் தோழி கேட்டபோது நான் சிரித்துச் சமாளித்தேன். அம்மாவின் கைத்தொலைபேசி காலை ஆறு மணிக்கும் ஒலிக்கும், இரவு பதினொரு மணிக்கும் ஒலிக்கும். பாதிப் பேச்சில் “ஒரு நிமிஷம்மா” என்று சொல்லிவிட்டு அம்மா அதை எடுப்பார். அந்த ஒரு நிமிடம் முடிவதற்குள் நான் சொல்ல வந்தது எனக்கே மறந்துவிடும்.

அந்தச் செப்டம்பர் இறுதியில் தம்பிக்குத் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வு. இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. உயர்நிலை இரண்டில் இருந்த எனக்கும் ஆண்டிறுதித் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு நிறுவனம் தன் ஊழியர்களுக்காக அறுபது டின் கேட்டிருந்தது. இரவு பதினொரு மணி இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்து வந்த நான் தம்பியைப் பார்த்தேன். மேசையில் இடமில்லாததால் அவன் தரையில் படுத்துக் கணக்குப் போட்டிருக்கிறான். அப்படியே தூங்கியும் விட்டான். அவன் கன்னத்துக்கு அடியில் கிடந்த பயிற்சித்தாளில் பெரிய எண்ணெய்க் கறை. ஒரு பின்னக் கணக்கின் பகுதி எண்ணே தெரியவில்லை.

“இது வீடா, கடையா?” என்று கத்தினேன். “உங்களுக்கு நாங்கள் முக்கியமா, முறுக்கு முக்கியமா?”

அம்மா பதில் சொல்லவில்லை. கையில் இருந்த அச்சைக் கீழே வைத்தார். அடுப்பை அணைத்தார். எண்ணெய் ஆறும் வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் மேசை காலியாக இருந்தது. அறுபது டின்னுக்கு வாங்கிய முன்பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டதாக அம்மா சொன்னார். எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும்?

அன்றிரவு சமையலறையில் அப்பா பேசுவது காதில் விழுந்தது. “எல்லையைத் திறந்துவிட்டார்கள். எனக்குப் பழையபடி வேலை இருக்கிறது. நீ இனிமேல் சிரமப்பட வேண்டாம், நிறுத்திவிடு” என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். சற்று நேரம் கழித்து அம்மாவின் குரல் கேட்டது.

“பணத்துக்காக மட்டும் இல்லைங்க. பதினஞ்சு வருஷமா உங்க மனைவின்னும் பிள்ளைங்களோட அம்மான்னும்தான் என்னைக் கூப்பிட்டாங்க. இப்போ முன்பின் தெரியாதவங்ககூட என் பேரைச் சொல்லிக் கேட்டு வர்றாங்க. அது எனக்குப் பிடிச்சிருக்கு.”

நான் ஓசைப்படாமல் அறைக்குத் திரும்பினேன். அப்போதே போய் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். பதினான்கு வயதில் அதற்கு வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக, மறுநாள் அம்மா கடைக்குச் சென்ற நேரத்தில், பாட்டியின் நான்கு அச்சுகளையும் சவர்க்காரம் போட்டுப் பளபளவென்று தேய்த்துக் கழுவி வைத்தேன்.

அச்சு முறுக்கு சுடுபவர்கள் இதைப் படித்தால் தலையில் கை வைப்பார்கள். பல ஆண்டுகளாக எண்ணெயில் ஊறிப் பழகிய அச்சில்தான் மாவு ஒட்டாமல் கழலும். சவர்க்காரம் அந்தப் பழக்கத்தைப் போக்கிவிடும். அம்மா மக்சிக்குக்காக ஒரு டின் சுட உட்கார்ந்தபோது, முதல் முறுக்கு அச்சை இறுகப் பிடித்துக்கொண்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது துண்டு துண்டாக எண்ணெயில் மிதந்தது. அம்மா பளபளக்கும் அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்; பிறகு என்னைப் பார்த்தார். அந்த வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தார். நானும் சிரித்தேன், அழுகையும் கூடவே வந்தது. அச்சுகள் இரவு முழுவதும் எண்ணெயில் ஊறிக் கிடந்தன.

தம்பியின் தேர்வு முடிந்த பிறகு, நால்வரும் அந்த மேசையில் அமர்ந்து பேசினோம். அம்மா பழைய குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். சாதாரண வாரங்களில் பத்து டின். தீபாவளி நெருங்கும்போது வாரத்திற்கு இருபத்தைந்து. மாலை ஏழு மணிக்குமேல் மேசை சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் மட்டும். சாப்பிடும்போது கைத்தொலைபேசி காலி டின்னுக்குள் இருக்க வேண்டும். அப்பா தம் ஓய்வு நாள்களில் அடுப்பருகே நிற்பதாக ஒப்புக்கொண்டார். அவர் சுட்ட முதல் முப்பது முறுக்கும் காப்பி நிறத்தில் வந்தன. அவற்றை நாங்களே தின்று தீர்த்தோம்.

எல்லாம் சொன்னபடி நடந்துவிடவில்லை. தீபாவளிக்கு முந்திய வாரம் மேசை இரண்டு இரவுகள் முறுக்குக்கே போனது. “இதற்குமேல் முடியாதுங்க” என்று அம்மா சொன்னதால், வழக்கமாக வாங்கும் ஒருவர் கோபித்துக்கொண்டு வருவதை நிறுத்திவிட்டார். அம்மாவுக்கு அதில் இன்னும் வருத்தம் உண்டு. தம்பி தேர்வில் தேறினான். கணிதத்தில் அவன் எதிர்பார்த்ததைவிட ஓர் அடைவுநிலை குறைவு. அதற்கு எண்ணெய்க் கறைதான் காரணம் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறான்.

நேற்று இரவு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது டின்னுக்குள் கைத்தொலைபேசி அதிர்ந்தது. காலி டின் என்பதால் சத்தம் பலமாகக் கேட்டது. ரசக் கரண்டியைப் பிடித்திருந்த அம்மாவின் கை ஒரு கணம் நின்றது. தம்பி டின்னைப் பார்த்தான். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா ரசத்தைத் தம் சோற்றில் ஊற்றிக்கொண்டு, “யாருக்கு இன்னொரு அப்பளம் வேணும்?” என்று கேட்டார்.