டியூஷனை எப்போது நிறுத்தலாம்?

பி.காம். படிக்கிற பலருக்கு முதல் வருமானம் ஆடிட்டர் ஆபீசிலிருந்து வருவதில்லை. பக்கத்துத் தெரு ப்ளஸ் ஒன் பையனுக்குக் கணக்குப்பதிவியல் சொல்லிக்கொடுத்துத்தான் வருகிறது. மாதம் ஐந்நூறோ ஆயிரமோ, கூடவே ஒரு டம்ளர் காபி. பையன் தேறிவிட்டால் எல்லோருக்கும் சந்தோஷம். மூன்று மாதம் ஆகியும் பற்று எது, வரவு எது என்பதிலேயே நின்றால்? எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். எப்போது நிறுத்துவது என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

காமர்ஸ்காரர்களுக்குத் தெரிந்த ஒரு விஷயம். இருப்பாய்வின் இரண்டு பக்கமும் சரியாக வந்துவிட்டால் பிழையே இல்லை என்று அர்த்தமில்லை. ஒரு நடவடிக்கையைப் பதியவே மறந்திருந்தாலும் கூட்டல் சரியாகத்தான் வரும். ஒரு பிழையை இன்னொரு பிழை சரிக்கட்டியிருந்தாலும் அப்படியே. டியூஷன் நோட்டும் இந்த மாதிரிதான். எல்லா கணக்குக்கும் டிக் இருக்கும். ஆனால், "பணம் உள்ள வருதா, வெளிய போகுதா? நல்லா யோசி" என்று பக்கத்திலிருந்த அக்கா கேட்ட கேள்வியிலேயே பாதி விடை இருந்தது நோட்டில் பதிவாகாது.

இரண்டாம் வருடம் படிக்கும் ஒரு மாணவி இதை ஒருநாள் சோதித்துப் பார்த்தாள். முதல் நாள் போட்ட அதே மாதிரிக் கணக்கு, எண்கள் மட்டும் வேறு. கொடுத்துவிட்டுப் பத்து நிமிடம் அடுத்த அறைக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தால் தேதி மட்டும் எழுதியிருந்தான். "நீங்க வரட்டும்னு இருந்தேன்க்கா" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அத்தனை நாளும் அவன் பழகியது கணக்கை அல்ல, அக்காவின் முகத்தைப் படிக்க.

1976-ல் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் மூவரும் எழுதிய ஒரு கட்டுரையில் இப்படி உதவுவதைச் சாரம் கட்டுவதோடு ஒப்பிட்டார்கள். கட்டடம் எழும்பும்வரை சாரம் வேண்டும், பிறகு பிரித்துவிட வேண்டும். மாதக்கணக்கில் ஒரு கம்பைக்கூடக் கழற்ற முடியவில்லை என்றால் நின்று யோசிக்க வேண்டிய நேரம் அது.

"தனியா சொல்லிக்கொடுத்தா எந்தப் பிள்ளையும் தேறிடும்" என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 1984-ல் பெஞ்சமின் புளூம், தனியாகக் கற்றவர்கள் வகுப்பறையில் கற்றவர்களைவிட வெகுதூரம் முந்தியதாக எழுதினார். ஆனால் அங்கே சும்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவில்லை. அடிக்கடி சோதனை வைத்து, எங்கே தப்பு என்று பார்த்து, திருத்தி, மறுபடி சோதித்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் அவ்வளவு பெரிய முன்னேற்றம் பொதுவாகக் கிடைக்கவும் இல்லை.

அதனால் நிறுத்துவதற்கு முன் முறையை மாற்றிப் பார்ப்பதுதான் நியாயம். அதற்கும் ஒரு கெடு வேண்டும், நான்கு வாரம் என்று வைத்துக்கொள்ளலாம். தேய்மானம் வரவில்லையா? ஏழாம் வகுப்புச் சதவீதத்துக்குப் போய்ப் பார்க்கலாம். அந்த மாணவி கணக்கை வாசித்துக் காட்டினாள். காதால் கேட்டதும் பையன் போட்டுவிட்டான்! பற்று வரவு அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது. நாலு வரி கேள்வியைப் படிப்பதில்தான் சிக்கல்.

அது கண்ணாக இருக்கலாம், டிஸ்லெக்சியாவாக இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். கண்டுபிடிப்பது பி.காம். மாணவியின் வேலை இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 கற்றல் குறைபாட்டையும் சேர்த்துத்தான் பேசுகிறது. முறையான சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு. டியூஷன் ஓடிக்கொண்டிருக்கும்வரை, "அதான் படிக்கிறானே" என்று வீட்டில் நிம்மதியாக இருப்பார்கள். பையன் மேலும் ஒரு வருடம் தன்னை மக்கு என்று நினைத்துக்கொண்டிருப்பான். உதவாத டியூஷனின் பெரிய நஷ்டம் ஃபீஸ் அல்ல, இதுதான்.

தடுப்பது என்னவோ பணம்தான். அந்த ஐந்நூறில்தான் பஸ் செலவும் ஜெராக்ஸ் செலவும் ஓடுகிறது. போதாக்குறைக்கு, "இவ்வளவு மாசம் சொல்லிக்கொடுத்தாச்சே" என்ற எண்ணம் வேறு. போன செலவு போனதுதான், அடுத்த முடிவில் அதைச் சேர்க்கக்கூடாது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்குகிறோம். வாழ்க்கையில் அதைச் செய்வது கஷ்டம்.

சொல்லும் விதமும் முக்கியம். "உங்க பையனுக்கு வராது ஆன்ட்டி" என்று சொன்னால் கதவு மூடிவிடும். அவள் அந்த அம்மாவிடம் சொன்னது வேறு: "வாசிச்சுக் காட்டினா போட்டுடறான் ஆன்ட்டி. அவனே படிச்சா மாட்டிக்கறான். முதல்ல கண்ணைக் காட்டுங்க, கிளாஸ் மிஸ்கிட்டயும் இதைச் சொல்லுங்க. என்கிட்ட அனுப்பறதால இது சரியாகாது." வாசித்துக் காட்டியபோது அவன் போட்ட நோட்டையும் கையில் கொடுத்தாள். அம்மாவுக்குக் கோபம்தான். பையன் மட்டும் அந்த நோட்டை வாங்கி, தான் சரியாகப் போட்டிருந்த பக்கங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தான்.