பீலியடியும் ஒரு யப்பானியத் தீவும்

நமது இலக்கியக் கூட்டங்களில் யப்பானிய சினமா என்று பேச்செடுத்தால் அது அகிர குரோசவாவோடு தொடங்கி அவரோடேயே முடிந்துவிடும். 'ரஷோமன்' 1951இல் வெனிஸில் பரிசு பெற்ற செய்தியையும் 'ஏழு சாமுராய்'களின் சிறப்பையும் நானும் மேடைகளில் பேசியிருக்கிறேன். அப்படிப் பேசிய நாட்களில் அவ்விரு படங்களையும் நான் பார்த்திருக்கவில்லை என்பதை இப்போதாவது ஒத்துக்கொள்ள வேண்டும். வலப்பனையில் இருந்துகொண்டு எங்கே பார்ப்பது? எங்கள் வீட்டுக்குள் யப்பான் வந்ததெல்லாம் ரூபவாஹினியில் போன 'ஓஷின்' தொடராகத்தான். யப்பானின் உதவியோடு 1982இல் தொடங்கிய அந்த அலைவரிசையில் ஓஷின் போகும் நேரம், அயல்வீட்டுப் பெண்களெல்லாம் எங்கள் சின்னப் பெட்டியின் முன்னால் கூடிவிடுவார்கள்.

2007இல் ஒரு பயிற்சிக்காகக் கண்டிக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். பஸ் நிலையத்துக்கு அருகே ஓர் இறுவட்டுக் கடை. சாமுராய் படம் இருக்கிறதா என்று கேட்டேன். உறையில் வாளேந்திய மனிதன் இருந்த ஒன்றை எடுத்துத் தந்தார்கள். 100 ரூபாய். வீட்டுக்கு வந்து போட்டால் வாளுமில்லை, குதிரையுமில்லை. கறுப்பு வெள்ளையில் ஒரு கடல். கடலின் நடுவே ஒரு மொட்டைக் குன்று. தோளில் தடி வைத்து, அதன் இரு முனையிலும் தண்ணீர் வாளி தொங்க, அடிமேல் அடி வைத்து மேட்டில் ஏறும் ஒரு பெண்.

ஏமாந்துபோனேன் என்றுதான் நினைத்தேன். நிறுத்தப் போன கை ஏனோ நின்றுவிட்டது.

படத்தின் பெயர் 'ஹடகா நோ ஷிமா'. தமிழில் 'மொட்டைத் தீவு' எனலாம். இயக்கியவர் ஹிரோஷிமாவில் பிறந்த கனெத்தோ ஷிந்தோ. கடனில் தத்தளித்த தனது சிறிய கம்பனிக்காக, ஒரு சிறு குழுவை வைத்துக்கொண்டு 1960இல் அவர் எடுத்த படம் இது. அடுத்த ஆண்டு மொஸ்கோ திரைப்பட விழாவில் முதற்பரிசைப் பகிர்ந்துகொண்டது. பல நாடுகளுக்கு விற்பனையாகி அந்தக் கம்பனியையும் காப்பாற்றியது. ஷிந்தோ 2012இல் தமது நூறாவது வயதில் காலமானார். இவையெல்லாம் நான் பின்னர் தேடி அறிந்தவை. அன்றிரவு இவற்றில் ஒன்றும் எனக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

படத்தில் உரையாடலே இல்லை எனலாம். கணவன், மனைவி, இரண்டு ஆண் பிள்ளைகள். தீவில் குடிதண்ணீர் கிடையாது. விடியுமுன் தோணி வலித்துப் போய், அயல் தீவில் தண்ணீர் எடுத்து வந்து, குன்றின் உச்சிவரை காவிச் சென்று பயிருக்கு ஊற்ற வேண்டும். காய்ந்த மண் அதை உறிஞ்சிவிடும். மறுபடி தோணி.

சுற்றிலும் கடல், குடிக்கத் தண்ணீர் இல்லை. இதை எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஜூலை, ஓகஸ்டில் கச்சான் அடிக்கும்போது எங்கள் பீலி நூலாக இளைத்துவிடும். 1986இல் கட்டி முடிக்கப்பட்ட ரந்தெனிகல நீர்த்தேக்கம் மலைக்குக் கீழே நீலமாகக் கிடக்கும். கண்ணுக்கு நீர் உண்டு, குடத்துக்கு இல்லை.

உம்மா படம் பார்ப்பதில்லை. ஓஷின் முடிந்த பிறகு பெட்டியின் பக்கம் திரும்பியதுமில்லை. அன்று இஷாத் தொழுதுவிட்டு எழுந்து வந்தவர், தண்ணீர் சுமக்கும் அந்தப் பெண்ணைக் கண்டதும் கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டார். கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். அந்தப் பெண் கால் இடறி ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிவிடுகிறாள். கணவன் ஓங்கி ஓர் அறை விடுகிறான். அறையைப் பற்றி உம்மா ஒன்றுமே சொல்லவில்லை.

"ஒரு எலயக் கிள்ளிப் போட்டா தண்ணி சிந்தாதே. அந்தப் புள்ளைக்குத் தெரியாதா?" என்றார்.

நான் படித்திருந்த எந்த விமர்சகரும் இப்படியொன்றைச் சொன்னதில்லை.

பிறகு மூத்த பிள்ளைக்குக் காய்ச்சல். தகப்பன் தோணி வலித்துப் போய் வைத்தியரைத் தேடி அழைத்து வருவதற்குள் பிள்ளை இறந்துவிடுகிறான். எனக்கு உம்மாவைத் திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை.

காரணம் இருந்தது. 1974 டிசம்பரில் என் தங்கை மௌத்தானாள். பதினொரு மாதப் பிள்ளை. எனக்கு அப்போது எட்டு வயது. அஸருக்குப் பிறகு ஜனாஸாவை எடுத்துப் போய் அடக்கினார்கள். மறுநாள் சுபஹுக்கு முன்னரே உம்மா குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போய்விட்டார். அது அடைமழைக் காலம். வீட்டுக் கூரைத் தண்ணீரில் பீப்பா நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. தண்ணீருக்குப் போக ஒரு தேவையும் இல்லை. மையத்து வீட்டுக்கு வந்து தங்கியிருந்த மாமி ஒருத்தி, "கல்லு மனசுக்காரி" என்று குசினியில் வைத்துச் சொன்னது என் காதில் விழுந்தது. அந்தச் சொல்லை நான் மறக்கவேயில்லை. உம்மாவிடம் கேட்கவும் இல்லை. அவர் அழுது நான் பார்த்ததில்லை என்பதால் அச்சொல்லை நம்பியும் விட்டேன். முப்பத்து மூன்று வருடங்கள்.

திரையில் பிள்ளையை அடக்கிய பின் வாழ்க்கை வழமைபோலத் தொடங்குகிறது. அதே தோணி, அதே வாளிகள், அதே ஏற்றம். திடீரென அந்தப் பெண் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நட்ட பயிர்களைப் பிடுங்கியெறிந்து, மண்ணில் விழுந்து கதறுகிறாள். முன்னர் அறைந்த கணவன் இப்போது சும்மா பார்த்துக்கொண்டு நிற்கிறான். பிறகு குனிந்து தண்ணீர் ஊற்றத் தொடங்குகிறான். அவளும் எழுந்துவந்து ஊற்றுகிறாள்.

உம்மா மெதுவாகச் சொன்னார்: "அவளுக்கு உழுந்து அழ ஒரு எடம் ஈந்திச்சி."

நான் பேசவில்லை.

"நம்மட ஊட்டுல நாலு பக்கமும் ஆக்கள். பெரிய சத்தம் போட்டு அழக் கூடாதுன்னும் செல்லி வச்சீந்தாங்க. பீலியடியில மழத் தண்ணி சோ எண்டு கொட்டும். அங்கின நிண்டு அழுதா ஆருக்கும் கேக்காது."

சொல்லிவிட்டு எழுந்து படுக்கப் போய்விட்டார். தங்கையின் பெயரைச் சொல்லவில்லை. மறுநாளும் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

அதற்குப் பிறகு குரோசவாவை விட்டு மற்றவர்களைத் தேடத் தொடங்கினேன். கெய்சுகே கினோஷிதாவின் 'இருபத்து நான்கு கண்கள்' (1954) கிடைத்தது. ஒரு தீவுப் பாடசாலை ஆசிரியையும் அவளுடைய பன்னிரண்டு மாணவர்களும், அவர்களை யுத்தம் என்ன செய்தது என்பதும்தான் கதை. ஆசிரியனான நான் ஒரே மூச்சில் அதைப் பார்த்து முடிக்கவில்லை. மிக்கியோ நருசே என்றொருவர் இருந்தார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. வாழ்வதற்காக நாள்தோறும் அல்லாடும் பெண்களை, கண்ணீரைப் பெரிதுபடுத்தாமல் காட்டியவர். உம்மாவைக் கூப்பிட்டேன். எதற்கும் அவர் வரவில்லை. "நான் பாத்த படம் போதும்" என்றார்.

உம்மா மௌத்தாகிப் பல வருடங்கள் ஆகின்றன. அந்த இறுவட்டும் கீறல் விழுந்து, தோணி கரையை விட்டுக் கிளம்பும் இடத்திலேயே நின்றுவிடுகிறது. எங்கள் பக்கம் குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது. பீலியடியில் குடம் வைத்துக் காத்திருப்பார் யாருமில்லை. டிசம்பர் மழையில் மட்டும் அதன் இரைச்சல் எங்கள் முற்றம்வரை கேட்கும். அப்போது நான் வீட்டுக்குள் பேசிக்கொண்டிருந்தாலும் கொஞ்சம் நிறுத்திக்கொள்வேன்.