உப்பும் கழுத்தும்

தோட்டத்துப் பெண்ணின் கழுத்தில் எழும் வீக்கத்தைக் குடும்பச் சாபமெனக் கொள்வாரும் உளர். சாபமன்று அது, கண்டக்கழலை.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்கள் அடங்கிய தென்மேற்கு ஈரவலயம் நெடுங்காலமாக இந்நோய்க்கு உறைவிடம். பெருமழை மண்ணின் அயடீனைக் கழுவிச் செல்வதே இதற்குப் பெரிதும் கூறப்படும் காரணம். அயடீன் குறைந்தால், ஓமோனை ஆக்க முயன்று முயன்று தைரொயிட்டுச் சுரப்பி பருக்கின்றது. சூலுற்றவளிடம் அவ்வோமோன் மிகக் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சியும் குன்றலாம்.

1995இல் உணவு உப்பில் அயடீன் சேர்த்தல் இலங்கையில் சட்டமாயிற்று. ஆயினும் கழலை முற்றாக மறையவில்லை. பின்வந்த ஆய்வுகள், தன் சுரப்பியையே தாக்கும் பிறபொருளெதிரிகளைச் சிலரின் குருதியிற் கண்டன. ஆதலால் உப்பை மட்டும் காட்டி அமைதல் தகாது. குருதிச் சோதனையும் வேண்டும். ஒருநாட் சம்பளத்தை இழக்க அஞ்சி லயத்திலேயே இருந்துவிடுபவளுக்கும் அச்சோதனை எட்டவேண்டும். எஞ்சியுள்ள பணி அதுவே.