கூரை நீண்டது, குழாய் நீளவில்லை

கிள்ளான் பள்ளத்தாக்கில் மழைக்குப் பஞ்சாங்கம் பார்க்க வேண்டியதில்லை. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வானம் கறுத்தால் கொடியில் கிடக்கும் துணியை எடுத்துவிட வேண்டியதுதான். கோலாலம்பூரில் ஆண்டுக்குச் சுமார் 2,500 மில்லிமீட்டர் பெய்கிறது. சென்னைக்குக் கிடைப்பது இதில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவே. அளவுகூடப் பரவாயில்லை, வேகம்தான் ஆளை அசத்துகிறது. அரை மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல் வெயில் அடிக்கும். ஆண்டின் நடுவில் இன்னொரு வகை உண்டு. மலாக்கா நீரிணையைக் கடந்து விடியற்காலையில் வரும் சுமத்ராக் காற்று. மேற்குக் கரையில் இருப்பதால் கிள்ளான்காரர்களுக்கு அது தலைநகருக்கு முன்பே வந்துவிடும்.

இப்படிப்பட்ட ஊரில், கூரை விளிம்பில் தொங்கும் கட்டரை யாரும் மதிப்பதில்லை. ஓட்டிலிருந்து வழியும் தண்ணீரை வாங்கிக் குழாயில் இறக்கும் தகரக் கால்வாய், அதற்கு என்ன மரியாதை? முன்வாசல் கேட்டுக்கு எவர்சில்வர் போடுவோம், சமையலறைக்குப் புது கேபினட் செய்வோம். கட்டரைப் பற்றிய பேச்சு தீபாவளிக்குச் சாயம் அடிக்க ஆள் வரும்போதுதான் எழும். "அண்ணே, மேல தகரம் போச்சு. இப்படியே சாயம் அடிச்சா நம்ம காசுதான் தண்ணியில போகும்லா" என்பார் அவர். தீபாவளி வருவதோ மழை உச்சத்தில் இருக்கும் மாதங்களில். அந்த நேரத்தில் கூரை வேலைக்கு ஆள் கிடைப்பது குதிரைக் கொம்பு.

எங்கள் தாமானில் எல்லாமே வரிசை வீடுகள், 22 அடிக்கு 75 அடி நிலம். எங்கள் வீட்டுக் கட்டரை மாற்றுவதற்காகப் பழையதைக் கழற்றி இறக்கியபோது அதற்குள் ஒரு சிறு தோட்டமே இருந்தது. தெரு ஓரத்து அங்சானா மரம் உதிர்த்த இலையும் மஞ்சள் பூவும் மக்கிக் கறுப்பு மண்ணாகியிருந்தன. அதில் பெரணிச் செடி ஒன்று வேர்விட்டிருந்தது. ஒரு பூப்பந்து, யாரோ வெடித்த பட்டாசின் சிவப்புக் காகிதம், மைனா கொண்டுவந்து வைத்த நார். மண்ணைத் தட்டிவிட்டுத் தகரத்தைத் தொட்டால் அப்பளமாய் நொறுங்கியது. துத்தநாகம் பூசிய தகரத்துக்கு ஈர மண்ணை நாளெல்லாம் சுமப்பதுதான் எமன். போர்ட் கிள்ளான் பக்கத்து உப்புக் காற்று மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். பி.வி.சி துருப்பிடிக்காது, ஆனால் வெயிலில் வெளுத்து, இணைப்பில் விலகும். அலுமினியம் நல்லது, ஆனால் இரும்புத் தாங்கிகளோடு அதை நேரடியாகத் தொடவிட்டால் ஈரத்தில் அலுமினியம்தான் அரிபடும். எவர்சில்வர் நீண்ட நாள் உழைக்கும், விலையும் அப்படித்தான்.

எதில் செய்கிறோம் என்பதைவிட எவ்வளவு தண்ணீருக்குச் செய்கிறோம் என்பதே முக்கியம் என்று எனக்குப் படுகிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். எங்களுடையது போன்ற வீட்டின் கூரை சுமார் 100 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை மணியில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 5,000 லிட்டர். பாதி முன்பக்கம் இறங்கினால் நிமிடத்துக்கு எண்பது லிட்டருக்கு மேல், அதாவது 20 லிட்டர் வாளியில் நான்கு. அந்தக் காலத்தில் வீடு கட்டியவர்கள் இந்த அளவுக்குத்தான் குழாய் வைத்தார்கள்.

பிறகு நாம் வந்தோம். காருக்கு நிழல் வேண்டும் என்று போர்ச் கூரையை கேட் வரைக்கும் நீட்டினோம். பின்னால் சமையலறையை லோங்காங் என்னும் வடிகால் ஓரம் வரை தள்ளினோம். முன்பக்கத்தில் மட்டும் 40 சதுர மீட்டர் கூடிவிட்டது. மாடிக் கூரையின் குழாயும் இப்போது போர்ச் கூரையின் மேல்தான் கொட்டுகிறது. கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு ஏழரை வாளி. (சனி பகவானுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) ஆனால் கீழே இறங்கும் குழாய் அதே மூன்று இன்ச், அதே ஒன்று. போர்ச்சை நீட்டுவதற்கு ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். குழாய்க்கு வரைபடம் கேட்ட வீட்டுக்காரரை நான் பார்த்ததில்லை.

எங்களுக்கு அமைந்தவர் பழைய தகர வேலைக்காரர். திராவகம் தடவி, கரியில் காய்ச்சிய இரும்பால் ஈயம் பற்றவைத்த காலத்து ஆள். இப்போது அவரும் சிலிகான் துப்பாக்கிதான் பிடிக்கிறார். கட்டரை மாட்டி முடித்ததும் ஏணியில் ஏறி, குழாய்க்கு எதிர்முனையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு அது நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஓரிடத்தில் தண்ணீர் தயங்கி நின்றது. இரண்டு தாங்கிகளைக் கழற்றிச் சற்று இறக்கிப் போட்டார். அதோடு இன்னொன்றும் செய்தார். கட்டரின் வெளி உதடு உள் உதட்டைவிடத் தாழ்ந்திருக்கும்படி வைத்தார். "நிரம்பிச்சுன்னா வெளிய கொட்டட்டும் அண்ணே. உள்ள கொட்டுச்சுன்னா சீலிங் உங்க தலையில" என்றார். நீர்ப்பாசன, வடிகால் துறையின் மழைநீர் வடிகால் கையேட்டில் கூரைத் தண்ணீருக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதைப் படிக்காதவர் சொன்ன சட்டம் இது.

அவர் குழாயை எல்லைச் சுவர் ஓரமாக இறக்கப் பார்த்தபோது, பக்கத்து வீட்டு மக்சிக் சுவருக்கு மேல் எட்டி, தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. வரிசை வீட்டில் யார் கூரைத் தண்ணீரும் அவர் வீட்டோடு நிற்பதில்லை. இரண்டாவது குழாய் ஒன்றைச் சேர்த்து, இரண்டையும் எங்கள் முன் லோங்காங்கிலேயே விட்டோம்.

இந்த ஊர் கூரையை மாற்றியது இது முதல் தடவையல்ல. 1881-இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து கோலாலம்பூரைத் தின்றன. அத்தாப்புக் கூரை போய் செங்கல்லும் ஓடும் வர வேண்டும் என்று பிரிட்டிஷ் அதிகாரி ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் வற்புறுத்தினார். அதற்குச் செங்கல் சுட்ட சூளைகளின் பெயர்தான் பிரிக்பீல்ட்ஸுக்கு ஒட்டிக்கொண்டது. 2007-இல் வெள்ளத்துக்காக 9.7 கிலோமீட்டர் ஸ்மார்ட் சுரங்கம் திறந்தார்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியபோது எந்தக் கட்டரும் உதவியிருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது ஆற்றின் கணக்கு. ஆனால் நம் கூரைகள் ஒரே நேரத்தில் லோங்காங்கில் கொட்டுவது நம் கணக்கு.

தேங்கும் தண்ணீருக்கு வேறு விலையும் உண்டு. ஏடிஸ் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டம் 1975-இல் வந்தது. சுகாதார அதிகாரி மேலே ஏறிப் புழுவைக் கண்டால் 500 வெள்ளி வரை அபராதம் எழுதலாம். டிங்கி வந்தவரைக் கேட்டால், அபராதமே மலிவு என்பார்.

அதே தண்ணீரைத் தொட்டியில் பிடிக்கலாம் என்ற எண்ணம் நமக்கு வருவதில்லை. 2020 செப்டம்பரில் சுங்கை கோங் ஆற்றில் கலந்த கழிவால் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் நின்று, பள்ளத்தாக்கின் பெரும்பகுதி குழாயைத் திறந்து காற்றைப் பார்த்தது. தமிழ்நாடு 2003-லேயே எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அதைவிட அதிகம் மழை பெறும் நாம் கழிப்பறைக்கு ஊற்றவும் செடிக்கு விடவும் ஒரு தொட்டி வைக்க யோசிக்கிறோம்.

ஆகவே, இந்த ஆண்டு கட்டர் மாற்றுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குத்தகையாளரிடம் அடிக்கு எவ்வளவு வெள்ளி என்று கேட்பதற்கு முன், கூரை எத்தனை சதுர அடி, குழாய் எத்தனை, எத்தனை இன்ச், தண்ணீர் யார் வீட்டுப் பக்கம் விழும் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.