லாக்கைப் படித்த பிறகு சர்வரில் கை வை

லாபு,
நெகிரி செம்பிலான்.

அன்புத் தம்பிக்கு,

ஒரு வாரம் லீவு போட்டு வீட்டில்தான் இருக்கிறேன். உன் வாட்சாப்பைப் பார்த்தேன். உபகாரச் சம்பள விண்ணப்பம் பற்றி உங்கள் சங்கம் அனுப்பிய மின்னஞ்சல் பல பெற்றோருக்குக் கிடைக்கவில்லை, சர்வரை அழித்துவிட்டுப் புதிதாகப் போடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம்டா. அழித்தால் என்ன நடந்தது என்பதற்கான ஒரே சாட்சியும் போய்விடும். முதலில் லாக்கை, அதாவது சர்வர் தானே எழுதிவைக்கும் பதிவை, படி. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால்தான் எழுதுகிறேன்.

உங்களுடையது உபுண்டு, அஞ்சலைக் கொண்டுபோவது போஸ்ட்ஃபிக்ஸ். எனவே 'வார்' அடைவுக்குள் 'லாக்' அடைவு, அதற்குள் 'மெயில்.லாக்' என்ற கோப்பு. ரெட் ஹேட் வகை லினக்ஸில் நடுவே புள்ளி இல்லாமல் 'மெயில்லாக்' என்றிருக்கும். 2023இல் வந்த டெபியன் 12இல், இந்தக் கோப்பை எழுதும் ஆர்சிஸ்லாக் தானாக நிறுவப்படுவதில்லை. அங்கே இந்தக் கோப்பே இருக்காது, 'ஜர்னல்சிடிஎல்' கட்டளையில்தான் பார்க்க வேண்டும். கோப்பைத் திறக்க அனுமதி இல்லை என்றால் 'சூடோ' போடு. பழைய லாக்குகளைச் சிஸ்டம் வாரம் ஒருமுறை சுருக்கி வைக்கும், வழக்கமாக நாலு வாரத்தோடு அழித்துவிடும். ஆகவே இன்றைக்கே ஒரு பிரதி எடுத்துவை. சுருக்கிய கோப்புகளை விரிக்காமலே 'இசட்கிரெப்' தேடித் தரும்.

கோப்பை முழுசாகத் திறந்து மேலிருந்து வாசிக்காதே, கண்தான் வலிக்கும். அஞ்சல் கிடைக்காத ஒரு பெற்றோரின் முகவரியை 'கிரெப்'பில் கொடு. வருகிற வரியின் தொடக்கத்தில், நேரத்துக்கும் நிரலின் பெயருக்கும் அடுத்தபடி, எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அடையாளம் இருக்கும். அதுதான் கியூ ஐடி. இப்போது அந்த ஐடியைக் கொடுத்து மறுபடி தேடு. அஞ்சல் எப்போது உள்ளே வந்தது, யார் அனுப்பியது, எந்த சர்வரிடம் கொடுக்கப்பட்டது, என்ன பதில் வந்தது, எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

அப்பா ரப்பர் தோட்டத்தில் செக்ரோல், அதாவது ஆள்கணக்கு, எழுதிய காலத்தை நினைத்துப்பார். காலையில் பெரட்டுக்கு வந்தது ஓர் இடத்தில் இருக்கும், மத்தியானம் பால் நிறுத்தது இன்னோர் இடத்தில் இருக்கும். முனியம்மா என்ற பெயரில் நாலு பேர் இருந்தால் எண்ணைப் பார்த்துத்தான் எது யாருடைய கணக்கு என்று சொல்வார். நூற்றுக்கணக்கான அஞ்சல்களின் வரிகள் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடக்கும் மெயில்.லாக்கில் கியூ ஐடிக்கும் அதே வேலைதான்.

அடுத்து 'ஸ்டேட்டஸ்' என்ற இடத்தைப் பார். இங்கேதான் நிதானம் வேண்டும். 'சென்ட்' என்றிருந்தால் அடுத்த சர்வர் 250 என்று பதில் சொல்லி வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். பெற்றோர் படித்தார்கள் என்றோ இன்பாக்ஸில் விழுந்தது என்றோ பொருளில்லை. ஸ்பாம் பெட்டியில் பார்க்கச் சொல். 'டிஃபர்ட்' என்றால் இப்போது முடியவில்லை, பிறகு முயல்வேன் என்று பொருள். கூடவே 4இல் தொடங்கும் எண் இருக்கும். போஸ்ட்ஃபிக்ஸ் வழக்கமாக 5 நாள் வரை முயன்று பார்த்துவிட்டுத்தான் கைவிடும். 'பவுன்ஸ்ட்' என்றால் முடிந்தது கதை. அதில் பெரும்பாலும் 5இல் தொடங்கும் எண்ணும், பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் மறுத்த சர்வர் சொன்ன காரணமும் இருக்கும். அந்தக் காரணத்தை ஓர் எழுத்து விடாமல் படி. எனக்குத் தெரிந்து, இந்த வேலையில் ஆட்கள் வீணாக்கும் நேரத்தில் பெரும்பகுதி அந்த அடைப்புக்குறியைப் படிக்காமல் ஊகிப்பதில்தான் போகிறது.

கிடைக்காத முகவரிகள் எல்லாமே ஜிமெயில் என்று எழுதியிருந்தாய். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில், அனுப்புகிற எல்லாரிடமும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் அத்தாட்சி கேட்கிறது. அது இல்லாததால் மறுத்திருந்தால் 550, 5.7.26 என்ற எண்கள் லாக்கில் இருக்கும். அவை இருந்தால் கோளாறு பெரும்பாலும் டொமைனின் டிஎன்எஸ் பதிவில். சர்வரைப் பத்துமுறை புதிதாகப் போட்டாலும் தீராது.

நேரத்தையும் கவனி. வாடகைக்கு எடுத்த சர்வர்கள் பலவும் யூடிசி நேரத்தில் ஓடுபவை, நாம் 8 மணி நேரம் முன்னால் இருக்கிறோம். காலை 9 மணிக்கு அனுப்பியதை லாக்கில் 1 மணி என்ற இடத்தில் தேடு.

ஒன்று கண்டிப்பாகச் சொல்கிறேன். அஞ்சலில் எழுதியது லாக்கில் இராது, ஆனால் யார், யாருக்கு, எப்போது அனுப்பினார் என்பது அப்படியே இருக்கும். உதவி கேட்டு விண்ணப்பித்தவர்களின் முகவரிகள் அவை. அந்த லாக்கை எந்த வாட்சாப் குழுவிலும் போடாதே. எனக்கு அனுப்பும்போதும் முகவரியை மறைத்துவிட்டு அனுப்பு. சங்கத்தை நம்பித்தான் கொடுத்திருக்கிறார்கள்.

இன்று இரவே மூன்று முகவரிகளை எடுத்துத் தேடி, அந்த வரிகளை அனுப்பு, உட்கார்ந்து பார்க்கிறேன். அதைவிட முக்கியமான ஒரு வேலை இருக்கிறது. விண்ணப்பம் முடிகிற தேதி நெருங்கிவிட்டதென்றால், கிடைக்காத பெற்றோருக்கெல்லாம் நாளைக் காலையே போன் போட்டுச் சொல்லிவிடு. சர்வரைப் பிறகு சரிசெய்யலாம், பிள்ளைகளுக்குத் தேதி போனால் போனதுதான்.

அன்புடன்,
அக்கா