கோழிக்கு இருக்கும் கணக்கு

13.10.2025, திங்கள்

புதுச்சத்திரம் பக்கம் ஒரு முட்டைக்கோழிப் பண்ணைக்குப் போயிருந்தேன். மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கோடு சுண்ணாம்புக்கல் குருணையையும் எடை போட்டுத் தீவனம் கலந்தார்கள். ஒரு முட்டையின் ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. தீவனத்தில் அது போதாவிட்டால் கோழி தன் எலும்பைக் கரைத்து ஓடு கட்டும். ஒரு கட்டத்தில் காலூன்ற முடியாமல் கூண்டிலேயே படுத்துவிடும். அதனால் ஒரு கோழிக்கு நாளொன்றுக்கு 4 கிராம் போய்ச் சேருமாறு கணக்கு வைத்திருக்கிறார்கள். அங்கே முட்டை பொறுக்கும் பெண்களுக்கு இப்படி ஒரு கணக்கு இல்லை என்பது மனசை அறுக்கிறது.

15.10.2025, புதன்

அந்தப் பண்ணையில் வேலை பார்க்கும் அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். வாசல்படி தடுக்கிக் கையூன்றியதில் மணிக்கட்டு முறிந்துவிட்டது. "தெனமும் முட்டை திங்கறேன் கண்ணு, எலும்பு எப்படி ஒடைஞ்சுது?" என்று கேட்டார்.

முட்டையின் கால்சியம் ஓட்டோடு போய்விடுகிறது. உள்ளே இருப்பது 30 மில்லிகிராமுக்குள்தான். முட்டை தருவது 6 கிராம் புரதம், மஞ்சள் கருவில் கொஞ்சம் வைட்டமின் டி. அதுவும் எலும்புக்கு வேண்டியதுதான், ஆனால் போதாது. மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பு வேகமாகக் கரைகிறது. அந்த வயதுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) சொல்லும் கால்சியம் அளவு நாளுக்கு 1,200 மில்லிகிராம்.

நம் சமையலறையிலேயே அதற்கு வழி உண்டு. 100 கிராம் கேழ்வரகு மாவில் 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. மதியம் ராகிக்களி, முருங்கைக்கீரைப் பொரியல், இரண்டு டம்ளர் பாலோ அதற்கு ஈடான தயிரோ, ஓர் எள்ளுருண்டை என்று சாப்பிட்டால் பெரும்பகுதி சேர்ந்துவிடும்.

18.10.2025, சனி

கூண்டிலேயே நிற்கும் கோழியைவிட நடந்து, ஏறி இறங்கும் கோழிக்கு எலும்பு உறுதி. சுமை ஏறினால்தான் எலும்பு தன்னைக் கட்டிக்கொள்ளும்; மனிதருக்கும் அப்படியே. அக்காவுக்கு வேகநடை, நாற்காலியில் கைபிடிக்காமல் உட்கார்ந்து எழுவது, சுவரைப் பிடித்துக் குதிகால் தூக்குவது, ஒற்றைக்காலில் நிற்பது எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். குனிந்து குடம் தூக்குவதை நிறுத்தச் சொன்னேன். முதுகெலும்பு நொறுங்குவது பெரும்பாலும் அப்படித்தான். பகலெல்லாம் கொட்டகை நிழலில் இருப்பவர் என்பதால் பத்து மணிக்கு மேல் கொஞ்ச நேரம் வெயிலில் நிற்கவும் சொன்னேன். வைட்டமின் டி இல்லாவிட்டால் தின்ற கால்சியம் உடம்பில் ஒட்டாது.

20.10.2025, திங்கள், தீபாவளி

உலக எலும்புப்புரை நாளும் இன்றுதான். விடியுமுன் எண்ணெய்க் குளியல். குளியலறைத் தரையெல்லாம் வழுக்கல். வயதானவர் இருக்கும் வீட்டில் சீயக்காய் போட்டுத் தரையைத் தேய்த்துவிட வேண்டும், விளக்கு எரிய வேண்டும், பிடித்துக்கொள்ளக் கம்பி வேண்டும்.

பண்டிகை முடிந்ததும் அக்காவைச் சேலத்துக்கு, எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா பரிசோதனைக்கு அழைத்துப் போகிறேன். நின்ற நிலையில் தடுக்கி விழுந்தே எலும்பு முறிந்தவருக்குச் சாப்பாடும் நடையும் மட்டும் போதாது. மருத்துவர் தரும் மருந்தும் வேண்டியிருக்கும். முறிவு மணிக்கட்டோடு நிற்கும்போதே கவனித்தால், இடுப்பெலும்பைக் காப்பாற்றலாம்.